ரிஜிஸ்டரில் 212, ரிப்போர்ட்டில் 300

ஆந்திர எல்லையில் உள்ள நகரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

"அக்கா, அமெரிக்க நிதியில் நடக்கும் எச்ஐவி திட்டம் ஒன்றில் இரண்டு வருஷமாக ரிப்போர்ட் வேலை பார்க்கிறேன். தறி ஓட்டுபவர்கள், லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், திருநங்கைகள் ஆகியோரிடையே எங்கள் வேலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை 300 பேருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது டார்கெட். ரிஜிஸ்டரை மூன்று முறை எண்ணிவிட்டேன், 212தான் வருகிறது. 'எப்படியாவது மேட்ச் பண்ணிடும்மா' என்கிறார் கோஆர்டினேட்டர். சிகிச்சையை விட்டுவிட்டார்கள் என்று நாங்கள் எழுதிய சிலர் தமிழ்நாட்டில் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு பெயரில் வருவதும் உண்டு. திட்டம் முடியப்போகிறது என்ற பேச்சும் இருக்கிறது. போன மாதம் எங்கள் மேல் ஆபீசிலிருந்து பாசிட்டிவ் ஆனவர்களின் பட்டியலைப் பெயர், போன் நம்பரோடு வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். அவசரம் என்றதால் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியிருப்பதைத்தான் இன்றே கவனிக்க வேண்டும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு மாதம் ஆகிவிட்டதால் அந்த வாட்ஸ்அப் செய்தியை எல்லோருக்கும் சேர்த்து அழிக்கும் வசதி இனி உங்களுக்குக் கிடைக்காது. அதனால் வாங்கியவரை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினார், கணினியில் எங்கே வைத்திருக்கிறார், பிரின்ட் எடுத்தாரா என்று கேளுங்கள். போனில் வந்த கோப்பு சாட்டில் மட்டும் இருக்காது. போனின் கோப்புறைக்குள்ளும் காப்புப் பிரதியிலும் போய் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததாக ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் இதையே செய்யுங்கள். பிறகு நிறுவனத் தலைமைக்கு நான்கு வரி எழுதுங்கள்: எந்தத் தேதியில், யார் கேட்டு, எத்தனை பேர் விவரம் போனது, அதன் பிறகு என்ன செய்தீர்கள். மறைத்துவைத்தால்தான் அது உங்கள் தலையில் விழும். நீங்களே சொல்லிவிட்டால் அது நிறுவனம் சரிசெய்ய வேண்டிய காரியமாகிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. ஒருவருக்கு எச்ஐவி இருக்கிறது என்பதை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. இப்படிப்பட்ட பதிவுகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. 8ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. ஆளை அடையாளம் காட்டாத புள்ளிவிவரம் அவற்றில் ஒன்று. நம் ரிப்போர்ட் வேலை முழுக்க அந்த விலக்குக்குள்தான் நடக்கிறது. ஆளைக் காட்டாத எண்ணாக மேலே போகும்வரை நாம் சட்டத்துக்குள் இருக்கிறோம். பெயர் போகத் தொடங்கினால் அந்த நிழல் நம்மேல் இல்லை.

நீங்கள் அனுப்பும் அமெரிக்கத் திட்டத்தின் தகவல் அமைப்பும் இந்த எண்ணத்தில்தான் கட்டப்பட்டது. பெப்ஃபார் என்பது எய்ட்ஸை எதிர்க்க அமெரிக்க அரசு 2003இல் தொடங்கிய அந்தத் திட்டம். அதன் கணக்கு போய்ச் சேரும் டேட்டிம் என்ற அமைப்பில் ஒரு மையத்தில் எத்தனை பேர், எந்த வயது, ஆணா பெண்ணா என்ற எண்ணிக்கைதான் ஏறும். பெயர் எழுத அங்கே கட்டமே கிடையாது. அதற்கு அடியில் இருப்பது ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 என்ற இலவச மென்பொருள். இந்த மென்பொருளை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இடம் நம் பக்கத்துக் கேரளம், 2006இல். எங்கோ வெளிநாட்டில் செய்து நம் தலையில் கட்டியது என்று நினைத்துப் பயந்துபோகிறவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம். ஆக, மேல் ஆபீஸ் பெயர்ப் பட்டியல் கேட்டால், "இது எந்தப் படிவத்துக்குத் தேவை?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெரும்பாலும் பதில் வராது. எக்செல்லில் எண்ணிப் பார்க்க வசதியாக இருக்கும் என்பதற்காகக் கேட்டிருப்பார்கள்.

சரி, 212க்கு வருவோம்.

உங்கள் கோஆர்டினேட்டர் ஏன் இப்போது இவ்வளவு நெருக்குகிறார் என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிகிறது. நமக்கு ஜூலை-செப்டம்பர் இரண்டாம் காலாண்டு, அவர்களுக்கு நான்காம் காலாண்டு. வருஷக் கணக்கு மூடும் நேரம். அவருக்கும் மேலே ஒருவர் நின்றுகொண்டு இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார். அவரைக் கெட்டவராகப் பார்க்காமல் பேசினால் காரியம் நடக்கும். இதோடு ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்தத் தாளிலும் "இரண்டாம் காலாண்டு" என்று மட்டும் எழுதாதீர்கள். "ஜூலை-செப்டம்பர்" என்று மாதத்தையே எழுதுங்கள். அரசுக் கணக்கும் நன்கொடையாளர் கணக்கும் மாறிப் போய் ஒரு வாரம் முழுக்கத் தேடிய ஆபீஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

88 பேரைக் கூட்டினால் என்ன ஆகும்? ஒரு பரிசோதனை நடந்தால் அதன் சுவடு நான்கு இடத்தில் விழும். களப்பணியாளர் டைரியில் சந்தித்த தேதி இருக்கும். கவுன்சிலரிடம் சம்மதக் கையெழுத்து இருக்கும். முடிவு எழுதிய ரிஜிஸ்டர் இருக்கும். பரிசோதனைக் கிட் இருப்புப் பதிவேட்டில் ஒரு கிட் குறைந்திருக்கும். எண்ணை மட்டும் 300 ஆக்கினால் இந்த நான்கும் 212லேயே நிற்கும். நான்கையும் சரிக்கட்ட வேண்டுமானால், இல்லாத 88 பேரின் சம்மதத்தை யாராவது உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. பொய்யாக ஒரு பரிசோதனையை எழுதுவது பொய்யாக ஒரு சம்மதத்தை எழுதுவதுதான்.

தரத் தணிக்கைக்கு வருகிறவர்கள் முதலில் செய்வதும் இதுதான். ஏதாவது ஒரு காலாண்டை எடுப்பார்கள், ரிஜிஸ்டரை முதல் வரியிலிருந்து தாங்களே எண்ணுவார்கள், வந்த எண்ணை நாம் அனுப்பிய எண்ணால் வகுப்பார்கள். 1 வந்தால் நல்லது. பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். 212ஐ 300ஆல் வகுத்தால் 0.71. அந்த ஒரு எண் வந்த பிறகு நீங்கள் இதுவரை நேர்மையாக அனுப்பிய கணக்குகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாட்டிக்கொள்வோம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் 212 பேரில் 5 பேருக்கு எச்ஐவி இருந்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 2.4. அதே 5ஐ 300க்குக் கீழே வைத்தால் நூற்றுக்கு 1.7 ஆகிவிடும். மேலே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, இந்தப் பகுதியில் தொற்று குறைவு, இங்கே இவ்வளவு ஆள் வேண்டாம் என்று தோன்றும். நீங்கள் கூட்டிய 88 பேர் யாருக்கும் தெரியாதவர்கள். அதனால் களப்பணியாளரை இழக்கப்போகிறவர்கள் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

அதனால் 212ஐ அனுப்புங்கள். கூடவே ஏன் 212 என்று அரைப் பக்கம் எழுதுங்கள். விளக்கக் குறிப்பு எழுத அங்கே இடம் உண்டு, பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். உங்கள் பகுதியில் நான் வேலை செய்ததால் ஊகிக்கிறேன்: இந்தக் காலாண்டில் ஆடிக் கிருத்திகை வந்திருக்கும். ஊரே காவடியோடு திருத்தணிக்குப் போயிருக்கும், தறிகள் நின்றிருக்கும், சந்திக்க ஆள் இருந்திருக்காது. கிட் தீர்ந்துபோன நாட்கள் இருந்திருக்கலாம். வேலையை விட்டுப்போன களப்பணியாளரின் இடம் காலியாக இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தேதி போடுங்கள். "சார், இந்த எண்ணில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். குறைந்ததற்குக் காரணம் காட்ட என்னால் முடியும், கூடியதற்குக் காரணம் காட்ட முடியாது" என்று கோஆர்டினேட்டரிடம் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மேலே வற்புறுத்தினால், அதை மெயிலில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் அந்த மெயில் வந்ததே இல்லை.

சிகிச்சையில் இருப்பவர்கள் கணக்குதான் எல்லைப்புறத்தில் உண்மையிலேயே கடினமானது. அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

முதலில் ஒரு சாதாரணக் கூட்டல் கழித்தல். போன காலாண்டு முடிவில் சிகிச்சையில் இருந்தவர்கள் 186 பேர் என்றால், அதோடு புதிதாகத் தொடங்கியவர் 9, விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் 4, வேறு மையத்திலிருந்து வந்தவர் 2 ஆகியோரைக் கூட்டுங்கள். நடுவில் நின்றவர் 7, இறந்தவர் 1, வேறு மையத்துக்குப் போனவர் 3 ஆகியோரைக் கழியுங்கள். 190 வர வேண்டும். ரிப்போர்ட்டில் 197 இருந்தால் ஏழு மனிதர்கள் எங்கோ இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறார்கள், அல்லது போனவர்களைக் கழிக்க மறந்திருக்கிறோம். ஏழு பேரும் கிடைக்கும்வரை அனுப்பு பட்டனைத் தொடாதீர்கள். புதியவர், தற்போது இருப்பவர், விட்டவர், திரும்பியவர் என்று பெப்ஃபார் படிவத்தில் நான்கு குறியீடு தனித்தனியாக இருப்பதே இந்தக் கணக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். பலர் நான்கையும் நான்கு வேறு தாள்களிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள், அதனால்தான் பொருந்துவதில்லை.

'விட்டவர்' என்று யாரைச் சொல்வது? பெப்ஃபார் விதிப்படி, வர வேண்டிய தேதி தாண்டி 28 நாள் ஆகியும் வரவில்லை, மருந்தும் வாங்கவில்லை என்றால் அவர் சிகிச்சை நின்றவர். எல்லாம் அந்த 'வர வேண்டிய தேதி'யில்தான் இருக்கிறது. ஜூலை 2 அன்று ஒருவருக்கு மூன்று மாத மருந்து ஒன்றாகக் கொடுத்திருப்பார்கள். ரிஜிஸ்டரில் பழைய பழக்கத்தில் ஆகஸ்ட் 1 என்று அடுத்த தேதி விழுந்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அவர் உங்கள் 'விட்டவர்' பட்டியலுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டில் மாத்திரை டப்பா இன்னும் நிறைந்திருக்கும். உங்கள் பட்டியலில் எடுத்த எடுப்பில் இதைத்தான் தேடுங்கள். எத்தனை மாத மருந்து கொடுத்தார்கள், அடுத்த தேதி அதற்கேற்ப இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பாதிக் குழப்பம் ஆபீஸ் மேசையிலேயே தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

மீதிப் பேர் எல்லை தாண்டியவர்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு களப்பணியாளருடன் உங்கள் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். பதினோரு மாதமாக 'விட்டவர்' என்று பட்டியலில் இருந்த ஒரு பெண்ணைத் தேடி. தறிச் சத்தத்தில் நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு உள்ளே கூட்டிப் போனார். அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார். அதற்குள் சிகிச்சைப் பதிவு எழுதும் பச்சைப் புத்தகம், அதில் தாம்பரம் மருத்துவமனையில் மாதாமாதம் போட்ட தேதிகள். ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, அரக்கோணம் வழியாகச் சென்னை போய், அங்கிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். ஒரு நாள் கூலி போகும். "இங்க மாத்திரை குடுக்குற எடத்துல என் ஓரகத்தியோட தம்பி இருக்கான்மா" என்றார். அவ்வளவுதான் காரணம். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை: "நீங்க நாலு வாட்டி கதவத் தட்டிட்டீங்க. எதிர் வீட்டுக்காரம்மா யாரு யாருன்னு கேக்குறாங்க."

நாங்கள் எழுதிய ஒரு தவறான சொல்தான் அந்த நான்கு தட்டல். 'விட்டவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர் விழுந்தால் அடுத்த வாரம் யாராவது அந்த வீட்டுக்குப் போவார்கள். அதனால்தான் இதைச் சரிசெய்யச் சொல்கிறேன்.

2004 ஏப்ரலில் அரசு எச்ஐவிக்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முன்பிருந்தே ஆந்திரத்து மக்கள் அங்கே வந்துகொண்டிருந்தார்கள். இப்போது பல மாவட்டங்களில் மையம் வந்துவிட்டது, ஆனாலும் எல்லை தாண்டுவது நிற்கவில்லை. நிற்கவும் வேண்டியதில்லை. எங்கே மருந்து வாங்குவது என்பது அவரவர் விருப்பம். நீங்கள் செய்ய வேண்டியது, பச்சைப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்து அல்லது அந்த மையத்தின் கவுன்சிலரிடம் உறுதிசெய்து, 'விட்டவர்' என்பதை 'வேறு மையத்துக்குப் போனவர்' என்று மாற்றுவது. சொல்லாமல் போனவர்களையும், உறுதிசெய்த பிறகு, பெப்ஃபார் கணக்கில் அந்தக் கட்டத்தில் சேர்க்கலாம். அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தும் சோச் மென்பொருளில் ஆள்வாரியாகப் பதிவு இருக்கிறது. மையம் மாறும்போது அதிலேயே மாற்றிவிட வழி உண்டு. அந்த மாற்றத்தைக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏஆர்டி மையம்தான் செய்ய வேண்டும், நீங்கள் நினைவூட்டலாம். தொற்று உள்ளவர் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள்.

பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். இதை ஹைதராபாத்திலோ டெல்லியிலோ இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கவைக்க முடியாது. தமிழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கு அதுவே கணவர் எழுத்தாக மாறிவிடும். தெலுங்குப் படிவம் வீட்டுப் பெயரை முன்னால் கேட்கும். திருத்தணியில் 'ம. தனலட்சுமி' என்று எழுதியவர் நகரியில் வேறு எழுத்தோடும் இன்னொரு வால் பெயரோடும் நிற்பார். தமிழில் ஒரே 'த'தான், தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்து. அதை ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் டி போடுவார், ஒருவர் டிஎச் போடுவார், ஒருவர் டிஎச்சுக்குப் பதில் டிஎச்ஏஏ வரை போய்விடுவார். எழிலரசி, கனிமொழி கதியைச் சொல்லவே வேண்டாம், ழகரம் எல்லையைத் தாண்டியதும் ளகரமாகிவிடும். கணினி இவர்களை ஒரே ஆள் என்று ஒருநாளும் கண்டுபிடிக்காது.

இதற்குக் குறியீட்டு எண் ஒன்றுதான் வழி. ஆனால் எதை வைத்து அந்த எண்ணை உண்டாக்குகிறோம் என்பது முக்கியம். ஆதார் வேண்டவே வேண்டாம், அது பெயரை விட மோசமாக ஆளைக் காட்டிக்கொடுக்கும். போன் நம்பரும் வேண்டாம், வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன், ஆறு மாதத்துக்கு ஒரு சிம். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. மறக்காததும் மாறாததுமான சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த ஊரின் முதல் எழுத்து, வீட்டில் எத்தனையாவது பிள்ளை, ஆண், பெண், திருநர். எழுத்தை எல்லோரும் ஒரே மொழியில் போட வேண்டும். உங்கள் களப்பணியாளர்களை ஒரு நாள் உட்காரவைத்து, தமிழ்ப் பெயர்களுக்கும் தெலுங்குப் பெயர்களுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று ஒரு அட்டவணை போட்டு, பைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் நோட்டு ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், சாவி இருவரிடம் மட்டும். இந்த எண் நூற்றுக்கு நூறு சரியாக வராது. இரண்டு பேருக்கு ஒரே எண் எப்போதாவது வரும், அப்போது கடைசியில் 1, 2 சேர்த்துக்கொள்ளலாம். பெயரை வைத்துத் தேடுவதை விட எவ்வளவோ மேல்.

மாவட்டப் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 2022 ஏப்ரல் 4இல் ஆந்திரத்தின் 13 மாவட்டம் 26 ஆனபோது பழைய சித்தூரிலிருந்து சத்தியவேடு, காளஹஸ்திப் பக்கம் திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019இல், வேலூர் மூன்றானது. பழைய எக்செல்லில் 'சித்தூர்', 'வேலூர்' என்று இருப்பது இன்றைய சித்தூரும் வேலூரும் அல்ல. வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும்போது நோய் குறைந்துவிட்டது போலத் தெரியும். குறைந்திருப்பது நிலப்பரப்பு.

திட்டம் முடிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் வேலை ஒரே நாளில் நின்றது. தகவல் அமைப்புகளையும் களத்தில் இருந்தவர்களால் சில காலம் திறக்க முடியவில்லை. சொந்தப் பிரதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தங்கள் ஆட்கள் யார், யாருக்கு எப்போது மருந்து தீரும் என்று தெரிந்திருந்தது. நல்லவேளையாக, இந்தியாவில் கூட்டு மருந்து அரசின் தேசியத் திட்டத்திலிருந்து வருகிறது, அது உங்கள் திட்டத்தோடு நிற்காது. நின்றுபோவது, தேதி தவறியவரை நினைவூட்டிக் கூப்பிடும் கைதான். ஆகவே கடைசி மாதத்துக்குக் காத்திராமல் இப்போதே, அடுத்த மூன்று மாதத்தில் மருந்துக்கு வர வேண்டியவர்களை ஏஆர்டி மையக் கவுன்சிலருடன் நேரில் உட்கார்ந்து ஒப்பிட்டுவிடுங்கள். தாள் ரிஜிஸ்டர்களை நிறுவனத்தின் பொறுப்பில் எழுத்து மூலமாக ஒப்படையுங்கள். யாரும் பாசத்தில்கூட ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் போன அந்தப் பட்டியலில் இருப்பவர்களைப் பற்றி.

2009இல் நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். பார்வையிட வருகிறார்கள் என்று சுவரில் ஒட்ட ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். பெயர் இல்லை, நம்பர் இல்லை, வெறும் எண்தான். கிராமம் வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் பிரித்து அழகாக எழுதினேன். ஒரு கிராமத்துக்கு நேரே, ஆண், 15-19 என்ற கட்டத்தில் 1 என்று இருந்தது. மறுநாள் ஃபேன் ரிப்பேருக்கு ஒருவர் வந்தார். ஏணியில் நின்றபோது அட்டவணை அவர் முகத்துக்கு நேரே இருந்தது. அவருக்கு அதே கிராமம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வேலூர் பஸ் ஏறும் பையன் அந்த ஊரில் ஒருவன்தான் இருந்தான். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா ஆபீஸுக்கு வந்தார். டீக்கடையில் அவனிடம் கேட்டிருக்கிறார்கள், அவன் வீட்டை விட்டுத் திருப்பூர் போய்விட்டான். அந்த 1ஐ எழுதியது என் கை. அன்று முதல் ஐந்துக்குக் குறைவாக வரும் எந்தக் கட்டத்தையும் நான் தனியாக வெளியில் விடுவதில்லை, பக்கத்து வயதோடு சேர்ப்பேன் அல்லது கிராமத்தை மண்டலத்தோடு சேர்ப்பேன். வெறும் 1க்கே இப்படி ஆனது. நீங்கள் அனுப்பியதில் பெயரும் நம்பரும் இருந்தன.

அதனால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், செய்தியாக வேண்டவே வேண்டாம். அவர்கள் நம்பும் கவுன்சிலரோடு, அவர்கள் சொல்லும் இடத்தில், தனித்தனியாக. "உங்கள் விவரம் உங்களிடம் கேட்காமல் எங்கள் ஆபீசுக்குள்ளேயே இன்னொருவருக்குப் போனது. நான்தான் அனுப்பினேன். இன்னாரிடம் போனது, இந்தத் தேதியில் அழித்தார்கள்" என்று சொல்லுங்கள். சிலர் கோபப்படுவார்கள், ஒருவர் இனி வர மாட்டேன் என்றுகூடச் சொல்லலாம். வேறு மையத்துக்கு மாற விரும்பினால் அன்றே ஏற்பாடு செய்துகொடுங்கள். யாராவது தொந்தரவு செய்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொடுங்கள். அந்தச் சீட்டில் எச்ஐவி என்ற சொல்லோ உங்கள் திட்டத்தின் பெயரோ இருக்க வேண்டாம்.

அழித்ததாக மெயில் வந்ததும் அந்தச் சந்திப்புகளைத் தொடங்கிவிடுங்கள். கோஆர்டினேட்டரிடம் 212ஐப் பேசிய பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா